பதினான்காம் பிரிவு

ஒரு மனிதன் தனக்கு மறதி நோய் தொடங்கிவிட்டது என்று ஏறக்குறைய ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தான். அவன் என் நண்பன். அப்படி நம்ப வைத்தது நான் செய்த ஒரு கருவி. உண்மை தெரிந்த பிறகும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்ததும் நான்தான். எழுதினால் பாவம் கழியும் என்று எண்ணுகிற ஆள் நான் இல்லை. ஆனால் இதை வேறு யாராவது சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது.

நாங்கள் ஆறு பேர், எல்லோரும் ஐம்பதைத் தொட்டவர்கள், நோர்வேயில் குரோருட் என்ற புறநகரில் சனிக்கிழமைகளில் மேசைமேல் போர் விளையாடுகிறவர்கள். குடியிருப்புச் சங்கத்தின் பொது அறையில் மூன்று மேசைகளை ஒட்டிப் போட்டுப் பச்சைத் துணி விரிப்போம். பஞ்சில் செய்த மரங்கள், அட்டையில் வெட்டிய வீடுகள், சுண்டுவிரல் உயரச் சிப்பாய்கள். அளவுநாடாவால் தூரம் அளந்து படையை நகர்த்தவேண்டும். பகடை உருட்டி யார் செத்தது, யார் ஓடியது என்று பார்க்கவேண்டும். மத்தியானம் தொடங்கினால் மூன்று தேத்தண்ணியும் ஒரு தட்டு மீன் ரோல்ஸும் முடியும்வரை போகும்.

போரைவிட்டு ஓடி வந்தவர்கள் இங்கே வந்து போரையா விளையாடுகிறீர்கள் என்று கேட்காத ஆளில்லை. என் மனைவி கேட்டாள். வேலையிடத்து நோர்வேக்காரர் கேட்டார்கள். கோயிலில் ஒருவர் அன்னதான வரிசையில் வைத்துச் சத்தமாகக் கேட்டார். அங்கே எங்களை யாரும் விதி வாசித்துக் காட்டிவிட்டுச் சுடவில்லை. இங்கே ஒரு பிளாஸ்டிக் சிப்பாயைச் சாகடிக்க அரை மணித்தியாலம் விவாதிக்கவேண்டும். அந்த விவாதம்தான் எங்களுக்குப் பிடித்திருந்தது. இதை அந்த மனிதரிடம் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை, விளங்காவிட்டால் போகட்டும்.

விவாதத்தை முடித்துவைக்கிறவன் என் நண்பன். பஸ் ஓட்டுகிறவன். பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிப் போன பிறகும் சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுவான். எங்கள் விதிப்புத்தகம் பதின்மூன்று பிரிவுகள் கொண்டது, செங்கல் கனம். அவன் அதைத் திறந்து நான் அதிகம் பார்த்ததில்லை. கேள்வியைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு, "ஒன்பதாம் பிரிவு, இடப்பக்கத் தாள், கீழை இருந்து ரெண்டாவது பந்தி" என்பான். போய்ப் பார்த்தால் அங்கேயே இருக்கும். நோர்வே மொழி அவனுக்கு இன்றுவரை நாக்கில் புரளாது. மகளின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போனால் கடைசிக் கதிரையில் இருந்து தலையாட்டிவிட்டு வருவான். எங்கள் மேசையில் மட்டும் அவன் சொன்னால் சொன்னதுதான்.

எனக்கு அது பிடித்திருந்தது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். உண்மையில் எனக்கு எரிந்தது. அந்த மேசையைத் தொடங்கியவன் நான். முதல் பெட்டிச் சிப்பாய்களை வாங்கி வந்தவன் நான். கணினி படித்தவன், அலுவலகத்தில் நாற்பது பேருக்கு முன்னால் எழுந்து பேசுகிறவன். சந்தேகம் என்று வந்துவிட்டால் ஐந்து தலையும் அந்த பஸ் சாரதியின் பக்கம்தான் திரும்பும்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. முதல்முறை விளையாட வந்தவரைத் தோற்கடித்து அனுப்பமாட்டோம். வீட்டுக்கு வந்தவரைச் சாப்பாடு கொடுக்காமல் அனுப்புவது போல அது எங்களுக்கு. ஆனால் விட்டுக்கொடுத்தோம் என்று தெரிந்தால் வந்தவருக்குக் கூச்சமாகிவிடும். ஆகவே நண்பன் அந்த இடத்திலேயே ஒரு விதியை உண்டாக்குவான். பேர்கன் நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒருவர் வந்திருந்தபோது அவருடைய குதிரைப்படை காட்டுக்குள் சிக்கிக்கொண்டது. "காட்டுக்குள்ளை குதிரைப்படை ஒருக்காத் திரும்பலாம். புத்தகத்திலை கிடக்கு" என்றான் நண்பன், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். நாங்கள் மேசைக்கடியில் ஒருவரை ஒருவர் காலால் உதைத்துக்கொண்டோம். அவர் வென்றுவிட்டுப் போகும்போது, அந்த விதியை எங்கள் தொலைபேசிக் குழுவில் எழுதிப் போடச் சொன்னார், பேர்கனில் விளையாடும்போது தேவைப்படுமாம். நண்பன் என்ன செய்வான், எழுதினான்.

பிறகு சென்னையிலிருந்து ஒரு கம்பனிக்கு வேலைக்கு வந்த இளைஞர் வந்தார். அவருடைய படை சிதறி ஓடியபோது, ஓடின படை ஒருமுறை திரும்பி வரலாம் என்று நண்பன் தீர்ப்புச் சொன்னான். "சூப்பர் சார். அந்த ரூல மட்டும் குரூப்ல போட்ருங்க சார், நான் நோட் பண்ணிக்கிறேன்" என்றார் அவர். அதையும் எழுதினான். இப்படி ஏழெட்டு வருடத்தில் எத்தனை எழுதினான் என்று அவனுக்கே தெரியாது. சொன்ன மறுநாள் மறந்துவிடுவான், நாங்களும் மறந்துவிடுவோம்.

இனி என் கருவி. அலுவலகத்தில் எனக்குச் செயற்கை நுண்ணறிவு முகவர்களோடுதான் வேலை. முகவர் என்றால், நாம் கேட்டதை வாங்கிக்கொண்டு தானே போய்த் தேடி, தானே முடிவு செய்து, வந்து பதில் சொல்லும் நிரல். அது தேடுவதற்கான கருவிகளைச் செய்து கொடுப்பது என் பிழைப்பு. அந்தக் கருவியில் மனிதர் பார்க்கத் திரை எதுவும் இருக்காது. இயந்திரம் கேட்கும், இயந்திரம் எடுத்துக் கொடுக்கும். ஒரு இலையுதிர்காலத்தில் அதே மாதிரி ஒன்றை எங்கள் விளையாட்டுக்குச் செய்தேன். விதிப்புத்தகத்தைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றும் அதன் இலக்கத்தோடு உள்ளே போட்டேன். விளையாட்டை விற்கும் கம்பனி அடிக்கடி வெளியிடும் திருத்தங்களையும் போட்டேன். கடைசியாக, எங்கள் குழுவில் நண்பன் எழுதிய தீர்ப்புகளையும் ஒன்றுவிடாமல் அள்ளிப் போட்டேன். அவன் அறிவு வீணாகக்கூடாது என்று மற்றவர்களிடம் சொன்னேன். இனி அவனிடம் கேட்க வேண்டி வராது என்ற நினைப்பை எனக்குள் வைத்துக்கொண்டேன்.

பிழை அங்கேதான் நடந்தது. இலக்கம் இல்லாத துண்டை என் கருவி ஏற்காது. குழுவில் எழுதியதற்கு ஏது இலக்கம்? நிரலில் இரண்டு வரி சேர்த்து, இலக்கம் இல்லாதவற்றுக்கெல்லாம் புத்தகம் முடிகிற இடத்திலிருந்து தொடர்ந்து இலக்கம் போடச் சொன்னேன். அது போட்டது. என்ன போட்டது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. விருந்தாளிகளுக்காகச் சொன்ன பொய்களும் அதற்குள் இருக்குமே என்று ஒரு கணமும் எனக்குத் தோன்றவில்லை.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. சென்னை இளைஞர் அதற்குள் எங்களில் ஒருவராகியிருந்தார். காட்டுக்குள் அவருடைய குதிரைகள் திரும்பலாமா என்று கேள்வி வந்தது. "ஏலாது" என்றான் நண்பன். "ஏழாம் பிரிவு, வலப்பக்கத் தாள், நடுவிலை."

"ஒரு நிமிஷம் சார், சும்மா செக் பண்ணிக்கலாம்" என்று இளைஞர் என் கருவியில் தேடும் முகவரிடம் தொலைபேசியில் கேட்டு, அதை மேசையில் வைத்தார். முகவர் நல்ல தமிழில், நிதானமாகச் சொன்னது: குதிரைப்படை காட்டுக்குள் ஒருமுறை திரும்பலாம், பிரிவு பதினான்கு, உறுப்பு ஆறு.

"பதினாலோ? புத்தகத்திலை பதின்மூண்டுதானே கிடக்கு."

"புதுத் திருத்தமா இருக்கும், மச்சான்" என்றேன் நான். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். அவன் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கடைசித் தாளைப் புரட்டிப் பார்த்தான். பிறகு உள்ளே வைத்தான். பேர்கன்காரரை எங்களில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் இதே கதை. பீரங்கி தவறினால் மறுபடி சுடலாமா? ஏலாது என்றான் அவன், சுடலாம் என்றது முகவர். ஆற்றைக் கடக்கும்போது வேகம் குறையுமா? குறையும் என்றான் அவன், குறையாது என்றது முகவர். எல்லாம் பதினான்காம் பிரிவு. எங்களில் ஒருவன் பகிடியாக, "உனக்குப் பற்றறி இறங்கீட்டுது, சார்ச் பண்ணு" என்றான். எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். மாசி மாதம் ஒரு கேள்வி வந்தபோது எல்லோரும் பழக்கத்தில் அவன் பக்கம் திரும்பினோம். "எனக்குத் தெரியேல்லை. அதையே கேளுங்கோ" என்றான்.

அன்று அவனுடைய கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்ட நானும் கூட நின்றேன். சுரண்டுவதை நிறுத்திவிட்டுச் சொன்னான்:

"அம்மாவுக்கும் இப்பிடித்தான் துவங்கினது, மச்சான். முதலிலை தான் சொல்லுறதுதான் சரியெண்டு சண்டை பிடிச்சவா. பிறகு ஒண்டும் சொல்லாமல் விட்டுட்டா."

அவனுடைய அம்மா முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அவனைப் பார்த்தால் யாரோ தாதி என்று நினைத்துத் தண்ணீர் கேட்பார்.

"விசர்க்கதை கதையாதை" என்றேன்.

"விசர் இல்லை. நான் சனத்தை ஏத்திக்கொண்டு ஓடுறவன். ஒருநாள் ரோட்டு மறந்துபோச்செண்டால்?"

நான் அவன் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னேன். அதே நேரம், எனக்குள் எங்கேயோ ஒரு மூலையில் இனித்தது. அதை மறைத்து இந்தக் கதையைச் சொல்வதில் பயனில்லை. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவன் என்னைப் போல, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு ஆளாக என் முன்னால் நின்றான்.

வைத்தியரிடம் போனான். மணிக்கூட்டுப் படம் கீறச் சொன்னாராம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாராம். எல்லாம் சரியாகச் செய்திருக்கிறான். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். "அது சின்னப்பிள்ளையளுக்குக் கேக்கிற கேள்வி" என்றான் என்னிடம். "அந்தப் புத்தகம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அதிலையே பிழைக்குது."

ஈஸ்டருக்கு ஒரு கிழமை முன்னால், நகரத்தின் மறுபக்கத்திலிருந்து ஒரு நோர்வேக் குழுவினர் எனக்கு எழுதினார்கள். நான் இணையத்தில் பொதுவாக விட்டிருந்த கருவியை அவர்களும் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். மிகவும் நன்றாக இருக்கிறது, ஆனால் இந்தப் பதினான்காம் பிரிவு எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். கருவிக்குள் போய்ப் பார்த்தேன். பதினான்காம் பிரிவு முழுக்க என் நண்பன் எழுதியவை. ஆறாம் உறுப்பின் மூலம் என்ற இடத்தில் எங்கள் குழு, அவன் பெயர். "காட்டுக்குள்ளை குதிரைப்படை ஒருக்காத் திரும்பலாம்." அப்போதுதான் பேர்கன்காரரின் முகம் ஞாபகம் வந்தது. கீழே கீழே வாசித்தேன். பீரங்கி, ஆற்றைக் கடப்பது, ஓடின படை. அவனை மூன்று மாதம் பொய்யனாக்கியவை எல்லாம் அவனே யாருக்கோ இரங்கிச் சொன்ன பொய்கள்.

எல்லாவற்றையும் அழித்தேன். ஐந்து நிமிட வேலை. சிறு கோளாறு, திருத்திவிட்டேன், நன்றி என்று நோர்வேக்காரருக்குப் பதில் எழுதினேன். நண்பனுக்கு ஒன்றும் எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை? ஈஸ்டர் முடிந்ததும் லோறென்ஸ்கூக்கில் நடக்க இருந்த ஒரு போட்டியில் என் கருவியைப் பற்றிப் பேச என்னை அழைத்திருந்தார்கள். அது முடியட்டும் என்று இருந்தேன். முடிந்தது, கைதட்டினார்கள். பிறகு, கருவிதான் சரியாகிவிட்டதே, இனி அவன் சொல்வதும் அது சொல்வதும் ஒன்றாகவே இருக்கும், அவன் பயம் தன்பாட்டில் போய்விடும் என்று எண்ணினேன். ஆனால் அவன் விதி சொல்வதையே விட்டுவிட்டான். எதையும் சொல்லாதவனைச் சரி என்று எந்த இயந்திரம் சொல்லும்? தன்னுடைய படையை ஒரு அங்குலம் நகர்த்துவதற்கும் தொலைபேசியைக் கேட்டுவிட்டு நகர்த்தினான். நான் எதிர்ப்பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கல்நெஞ்சன் என்று யாராவது என்னைச் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

வைகாசியில் தமிழ்க்கடையில் அவன் மனைவியைக் கண்டேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் கூடையைக் கீழே வைத்தாள்.

"அண்ணை, உங்களை ஒண்டு கேக்கவேணும். இவருக்கு விளையாட்டிலையும் மறக்குதோ? வீட்டிலை அடுப்பை நிப்பாட்டினதோ எண்டு மூண்டுதரம் எழும்பிப் போய்ப் பாக்கிறார். எல்லாத்தையும் துண்டிலை எழுதி ஒட்டுறார்."

சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. "கொஞ்சம்... வயசு போகுதுதானே" என்றேன்.

"மறைக்காமல் சொல்லுங்கோ, அண்ணை. உங்களைவிட அவரை ஆருக்குத் தெரியும்?"

"ஓம்" என்றேன். "முந்தி மாதிரி இல்லை."

முந்தி மாதிரி இல்லை என்பது உண்மைதானே என்று வீடு வரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

கோடை விடுமுறை முடிந்து வந்தபோது அவன் பஸ் ஓட்டவில்லை. ஞாபகசக்தியைப் பரிசோதிக்கும் விசேட வைத்தியர் பார்க்கும்வரை ஓட்டவேண்டாம் என்று அவனுடைய வைத்தியர் சொல்லிவிட்டாராம். வரிசை நீளமாம். அதுவரை தரிப்பு நிலையத்தில் பஸ்களைக் கழுவுகிறான். முதலில் ஒன்றுமில்லை என்று அனுப்பிய வைத்தியர் பிறகு ஏன் மனம் மாறினார் என்று எனக்கு ஒரு கேள்வி வந்தது. நான் அதை யாரிடமும் கேட்கவில்லை.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை அவன் தன்னுடைய முழுப் படையையும் பெட்டிகளில் அடுக்கிக் கொண்டுவந்தான். பத்து வருடமாக ஒவ்வொரு சிப்பாய்க்கும் பொத்தானுக்குக்கூட நிறம் தீட்டியவன். பெட்டிகளைச் சென்னை இளைஞரின் முன்னால் வைத்தான். "இதுகளை நீங்கள் வைச்சிருங்கோ, தம்பி. நான் இனி வரேல்லை."

"என்ன சார் இது, வேணாம் சார். ப்ளீஸ்" என்று இளைஞர் எழுந்து நின்று என்னைப் பார்த்தார். நண்பன் தன் மேலங்கியை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வரி நிரல், விருந்தாளிகள், பதினான்காம் பிரிவு. முடித்த பிறகு அவன் கேட்டான்:

"எப்ப கண்டுபிடிச்சனீ?"

"ஈஸ்டருக்கு முன்னம்."

"ஈஸ்டருக்கு முன்னம்" என்று அவனும் சொன்னான்.

அவன் மனைவி தேத்தண்ணித் தட்டத்தோடு குசினி வாசலில் நின்றதை நான் அப்போதுதான் கண்டேன். "அப்ப, கடையிலை நான் கேக்கேக்கை உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"அண்ணை, நீங்கள் சொன்னதைத்தான் நான் போய் டொக்டரிட்டைச் சொன்னனான். இவ்வளவு காலம் பழகின சிநேகிதனே சொல்லுறார் எண்டு சொன்னனான். அதைக் கேட்டாப் பிறகுதான் டொக்டர் பஸ் ஓடவேண்டாம் எண்டவ." அவள் தட்டத்தைத் திரும்பக் குசினிக்குள் கொண்டுபோனாள். உள்ளே தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

நண்பன் என்னை ஏசுவான், அடித்தாலும் அடிப்பான் என்று எதிர்பார்த்திருந்தேன். "டொக்டரிட்டை என்னோடை வந்து சொல்லு" என்றான். அவ்வளவுதான்.

அவனுடைய வைத்தியர் இன்னும் குரோருட்டில்தான். அங்கே குடியிருந்த காலத்தில் தெரிவு செய்த குடும்ப வைத்தியரை அவன் மாற்றவில்லை. முதல் பனி விழுந்த கிழமையில் போனோம். அவனுக்கு மொழி போதாது என்பதால் நானே நோர்வே மொழியில் எல்லாவற்றையும் சொன்னேன். வைத்தியர் தட்டச்சுச் செய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வசந்தத்தில் நீங்கள் இவருக்கு மறதி என்று சொன்னதாக இங்கே இருக்கிறது, இப்போது இல்லை என்கிறீர்கள், நீங்கள் இவருடைய நெருங்கிய நண்பர், இவர் வேலை போகிற நிலையில் இருக்கிறார், எதை நான் நம்புவது என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. எழுதியதை அழிக்கமுடியாது, கீழே இதையும் சேர்த்து எழுதிவைக்கிறேன் என்றார். விசேட வைத்தியர் பார்க்கட்டும், அதுவரை ஓட்டவேண்டாம்.

"என்னவாம்?" என்றான் நண்பன். ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

லோறென்ஸ்கூக் போகும் பஸ் வந்தது. என் வீடு நடக்கிற தூரம்தான், என்றாலும் அவன் பின்னால் நானும் ஏறினேன். சாரதி அவனோடு வேலை செய்தவர் போலும், கையைத் தூக்கினார், இவனும் தூக்கினான். யன்னலோரம் இருந்து பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் உதடுகள் அசைந்தன. குனிந்து கேட்டேன். அடுத்து வரும் தரிப்பிடத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லிவிட்டு முன்னாலிருந்த திரையைப் பார்ப்பான், அதே பெயர் வரும். பிறகு அதற்கடுத்தது. ஆறேழு தரிப்பிடங்கள் வரை கேட்டேன். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

"மச்சான், உனக்கு ஒண்டுமில்லை" என்றேன். "நான்தான் சொல்லுறனே."

"நீ சொல்லுறாய்" என்றான். பிறகு அடுத்த தரிப்பிடத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, திரையில் அது வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.